வண்டிக்கு ஒரு சல்லடை

தொடர்கதையில் கதாநாயகியின் கதி என்னவாயிற்று என்று பார்த்துவிட்டுத்தான் நீங்கள் இந்தப் பக்கத்துக்கு வருகிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். அதில் எனக்கு வருத்தம் இல்லை. நானும் அப்படித்தான். ஆனால் இந்த வாரம் நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயத்தின் பெயரைக் கேட்டதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். விஷயம், மோட்டார் காரின் ரேடியேட்டர்!

"ரேடியேட்டரா? அது ஆண்பிள்ளைகள் சமாசாரம் அல்லவா? போன வாரம் ஊறுகாய் ஜாடியில் பூசணம் பிடிக்காமல் இருக்க வழி சொன்னீர்களே, அந்த மாதிரி உபயோகமாக ஏதாவது சொல்லக் கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சென்ற சித்திரை மாதம் வரையில் நானும் உங்கள் கட்சிதான். என் தமக்கை வீட்டில் நடந்த ஒரு காரியம் என்னைக் கட்சி மாறச் செய்துவிட்டது.

அத்தானுக்குப் பூர்விகம் தஞ்சை ஜில்லா. கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் குலதெய்வம். அக்காவின் பெண் பிளஸ் டூ பரீட்சை எழுதி முடித்திருந்தாள். ரிசல்ட் வருவதற்குள் அம்மனுக்கு மாவிளக்குப் போட்டுவிட வேண்டும் என்பது மாமியாரின் பிரார்த்தனை. அந்த அம்மாளுக்கு வயது எழுபத்து நாலு. ரத்த அழுத்தத்துக்கு வேளை தவறாமல் மாத்திரை. அத்தான், அக்கா, மாமியார், பெண் ஆக நால்வரோடு ஐந்தாவதாக நானும் ஒட்டிக்கொண்டேன். விடியற்காலையில் சென்னையிலிருந்து புறப்பட்டோம். புளியோதரை, தயிர் சாதம், இரண்டு குடம் அளவு பேச்சு, எல்லாம் வண்டியில் இருந்தன.

பண்ருட்டியை நெருங்கும் இடத்தில் சாலை வேலை நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் ஒரு ஜல்லி லாரி. மேலே தார்ப்பாய் கிடையாது. அது ஒவ்வொரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் நாலு கல் கீழே குதித்தது. அத்தான் அதைத் தாண்டிப் போய்விடும் உத்தேசத்துடன் லாரியை ஒட்டியே போனார். 'டக்'கென்று ஒரு சத்தம். "ஒன்றுமில்லை, சின்னக் கல்" என்றார் அத்தான். கண்ணாடி உடையவில்லை, வண்டி நிற்கவில்லை. ஆகவே நாங்களும் நம்பினோம்.

ஐந்து நிமிஷத்துக்கெல்லாம் ஏ.ஸி.யில் குளிர்ச்சி நின்றுபோயிற்று. "காஸ் தீர்ந்திருக்கும். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிக் கண்ணாடிகளை இறக்கிவிட்டார். சித்திரை வெயில் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.

முன் ஸீட்டில் இருந்த அக்காதான் அதைக் கவனித்தாள். "ஏங்க, இந்த முள் எப்பவும் பாதியிலேதானே நிற்கும்? இன்னிக்கு மேலே ஏறிண்டே போறதே?"

"உனக்கு ஏன் அந்தக் கவலை? வெயில் அப்படி. இன்னும் பதினைந்து கிலோமீட்டர் போனால் ஒரு நல்ல ஓட்டல் வரும். அங்கே நிறுத்தலாம்."

அக்கா வாயை மூடிக்கொண்டாள். நானும் பி.ஏ. படித்தவள்; பத்திரிகையில் ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவள். அந்த முள் எதைக் காட்டுகிறது என்று எனக்கும் தெரியாது. நானும் வாயை மூடிக்கொண்டேன்.

பதினைந்து கிலோமீட்டர் எங்கே போவது? ஆறாவது கிலோமீட்டரில் வண்டியின் முன்பக்கத்திலிருந்து வெந்நீர் அண்டாவைத் திறந்த மாதிரி ஆவி கிளம்பிற்று. எஞ்சின் இரண்டு தடவை உதறிவிட்டு நின்றது. நின்றது நின்றதுதான். நட்ட நடுப் பகல். பக்கத்தில் மரம் கிடையாது. மாமியாரின் முகம் சிவந்து, பேச்சுக் குழறத் தொடங்கிற்று. சாலை ஓரத்தில் பலாப்பழக் கடை போட்டிருந்த ஓர் அம்மாள் ஓடி வந்து, அவரைத் தன் கீற்றுப் பந்தலுக்குள் படுக்க வைத்து, பானைத் தண்ணீரில் துணியை நனைத்து நெற்றியில் போட்டிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அந்தப் புண்ணியவதி காசு வாங்க மறுத்துவிட்டாள்.

மறுநாள் ஒர்க்ஷாப்பில் மெக்கானிக் ஒரு கல்லை எடுத்து அத்தான் கையில் வைத்தார். கொட்டைப் பாக்கு அளவுகூட இல்லை. "இது வந்து அடிச்சதுக்கு ஆன செலவு கொஞ்சம்தான் சார். அதுக்கப்புறம் நீங்க ஓட்டினீங்க பாருங்க, அதுக்குத்தான் மிச்சச் செலவு முழுக்க" என்றார். எஞ்சின் தலைப் பாகம் சூட்டில் வளைந்துவிட்டதாம். ஹெட் கேஸ்கட் என்று சொல்லும் நடுத் தகடும் போய்விட்டதாம்.

இன்ஷ்யூரன்ஸ் கம்பெனியும் ஏறக்குறைய அதையேதான் சொல்லிற்று. கல் அடித்தது விபத்து. அதற்குப் பணம் உண்டு. அடிபட்ட பிறகு ஓட்டியதால் எஞ்சின் கெட்டது 'பின்விளைவு நஷ்டம்'; அதற்கு இல்லை. உங்கள் வீட்டுப் பாலிஸியையும் எடுத்துப் படித்துப் பாருங்கள். சாதாரணப் பாலிஸிகளில் இந்த ஷரத்து இருக்கும்.

பெண்ணைக் கல்லூரியில் சேர்ப்பதற்காக அக்கா மூன்று வருஷம் சீட்டுக் கட்டிச் சேர்த்திருந்த பணம் எஞ்சினுக்குள் போயிற்று. கல்லூரிக்குப் பணம் கட்ட வேண்டிய தினத்தில் அவளுடைய கையிலிருந்த வளையல்களில் இரண்டு பாங்கிக்குப் போயின.

"எனக்கு அந்த முள்ளைப் பற்றித் தெரிந்திருந்தால் வண்டியை நிறுத்துங்கள் என்று கத்தியிருப்பேன்டி. தெரியாததனாலே சும்மா இருந்துட்டேன்" என்றாள் அக்கா. பணம் போனதை விட அதுதான் அவளுக்குப் பெரிய வருத்தம்.

அன்று தீர்மானித்தேன். இதைப் பற்றி நாலு பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு உங்களுக்கும் சொல்லிவிட வேண்டும் என்று.

குக்கர் தெரியுமா? அப்படியானால் ரேடியேட்டரும் தெரியும்

எஞ்சினில் பெட்ரோல் எரிகிறது. அந்தச் சக்தியில் மூன்றில் ஒரு பங்கு வண்டியை ஓட்டினாலே பெரிய காரியம். மற்றதெல்லாம் உஷ்ணமாக வீணாகிறது. ஒரு பகுதி புகைக்குழாய் வழியே வெளியே போகும். இன்னொரு பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் திரவம் வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்கு வருகிறது. அங்கே தட்டையான சன்னக் குழாய்கள் வரிசையாக இருக்கும். குழாய்களுக்கு நடுவில், அப்பளத்தை விட மெல்லிய அலுமினியத் தகடுகள் மடிப்பு மடிப்பாக இருக்கும். எதிர்க்காற்று அந்த மடிப்புகளுக்குள் புகுந்து சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஆறிய திரவம் மறுபடியும் எஞ்சினுக்குப் போகிறது. சூடான காப்பியை டவராவில் ஆற்றுகிறோமே, அந்த வித்தைதான்.

தண்ணீர் 100 டிகிரியில் கொதித்துவிடும். எஞ்சின் திரவமோ சாதாரணமாகவே 90 டிகிரிக்கு அருகில் ஓடிக்கொண்டிருக்கிறது. கொதித்து ஆவியாகாமல் இருக்க இரண்டு உபாயங்கள். ஒன்று, தண்ணீரோடு 'கூலண்ட்' என்ற மருந்தைக் கலப்பது. இரண்டாவது, மூடியை இறுக மூடி உள்ளே அழுத்தத்தை ஏற்றுவது. நம் வீட்டுக் குக்கரின் வெயிட் என்ன வேலை செய்கிறதோ, அதையே ரேடியேட்டர் மூடியும் செய்கிறது. அழுத்தமும் ஏறக்குறைய அதே அளவுதான்.

இப்போது யோசித்துப் பாருங்கள். குக்கரில் ஊசித் துவாரம் விழுந்தால் என்ன ஆகும்? முதலில் அழுத்தம் போகும்; பிறகு தண்ணீர் போகும்; கடைசியில் அடிப்பிடிக்கும். அக்காவின் வண்டியில் அடிப்பிடித்தது எஞ்சின்.

அந்தக் காலத்து அம்பாஸிடர், பியட் வண்டிகளில் ரேடியேட்டர் செம்பும் பித்தளையுமாக இருந்தது. ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்துப் பற்றவைத்துக்கொண்டு மறுநாளே ஊருக்குப் போகலாம். இப்போது வரும் வண்டிகளில் அலுமினியமும் பிளாஸ்டிக்கும். எடை குறைவு; வேலை நன்றாகச் செய்யும்; ஆனால் அடிபட்டால் பெரும்பாலும் புதிதுதான் மாற்ற வேண்டும். போதாததற்கு ரேடியேட்டருக்கு முன்னால் ஏ.ஸி.யின் 'கண்டென்ஸர்' நிற்கிறது. அதுவும் இதே மாதிரி சன்னக் குழாய்களும் மடிப்புகளும்தான். வருகிற கல் முதலில் அதைத்தான் அடிக்கும். ஆகையால்தான் எங்களுக்கு முதலில் குளிர்ச்சி நின்றது. கல் அடித்த சத்தம் கேட்டு, உடனே ஏ.ஸி. வேலை செய்யாமல் போனால் அதை லேசாக நினைக்காதீர்கள். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பாருங்கள்.

"நாங்கள் எலெக்ட்ரிக் கார் வாங்கிவிட்டோம், எங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை" என்று சில வீடுகளில் சொல்வார்கள். எலெக்ட்ரிக் காரிலும் ஏ.ஸி. உண்டு, கண்டென்ஸர் உண்டு. பலவற்றில் பாட்டரியையும் மோட்டாரையும் குளிரவைக்கும் திரவமும் அதற்கொரு ரேடியேட்டரும் உண்டு. கல்லுக்குப் பெட்ரோல், மின்சாரம் என்ற வித்தியாசம் தெரியாது.

ஒரு பெண்மணியின் பிரயாணம்

இதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம் என்றீர்களே, ஒரு கதை கேளுங்கள். கதை அல்ல, நடந்தது.

மோட்டார் காரில் முதன்முதலாக நெடுந்தூரப் பிரயாணம் செய்தது ஒரு பெண். ஜெர்மனியில் காரைக் கண்டுபிடித்த கார்ல் பென்ஸின் மனைவி, பெர்த்தா பென்ஸ். 1888-ஆம் வருஷம் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் விடியற்காலையில், கணவரிடம் சொல்லாமல், பிள்ளைகள் இருவரை ஏற்றிக்கொண்டு, மான்ஹைமிலிருந்து பிறந்த ஊரான போர்ட்ஸ்ஹைமுக்குப் புறப்பட்டாள். சுமார் 100 கிலோமீட்டர். அந்த வண்டியில் இப்போதிருக்கிற மாதிரி ரேடியேட்டர் கிடையாது. தண்ணீர் கொதித்து ஆவியாகப் போவதுதான் எஞ்சினைக் குளிரவைக்கும் வழி. ஆகவே வழியெல்லாம் தண்ணீர் கண்ட இடத்தில் நின்று நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. எண்ணெய் வரும் குழாய் அடைத்துக்கொண்டபோது, தொப்பியில் குத்தியிருந்த ஊசியை உருவிக் குத்தி அடைப்பை எடுத்தாள். எரிபொருள் தீர்ந்தபோது மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினாள். சாயங்காலம் ஊர் போய்ச் சேர்ந்து கணவருக்குத் தந்தி கொடுத்தாள்.

தேன்கூடு மாதிரி ஆயிரக்கணக்கான சிறு குழாய்கள் வைத்த ரேடியேட்டரை வில்ஹெல்ம் மேபாக் என்பவர் செய்தது அதற்குப் பிறகு, 1900-ஆம் வருஷத்தை ஒட்டி. கொஞ்சம் தண்ணீரை வைத்துக்கொண்டு வெகு தூரம் போகலாம் என்று ஆயிற்று. கூடவே கல்லடிப் பயமும் வந்தது.

கல்லைப் பற்றி இன்னொரு சம்பவம். 1923-இல் பிரான்ஸ் தேசத்தில் லே மான் என்ற ஊரில் 24 மணி நேரக் கார்ப் பந்தயம் முதன்முறையாக நடந்தது. கரடுமுரடான சாலை. பென்ட்லி கார் ஒன்றின் முகவிளக்கை ஒரு கல் உடைத்தது. இன்னொரு கல் பெட்ரோல் தொட்டியில் துளை போட்டது. வெற்றி கைநழுவிற்று. அடுத்த வருஷம் அதே ஓட்டக்காரர்கள் விளக்குகளுக்குக் கம்பி வலையும் தொட்டிக்குக் கவசமும் போட்டுக்கொண்டு வந்தார்கள். முதல் பரிசு அவர்களுக்கே. பந்தயக்காரர்களுக்கு ஒரு வருஷத்தில் வந்த புத்தி நமக்கும் வரலாம் அல்லவா?

யார் யார் எதிரிகள்?

கல் மட்டும்தான் எதிரி என்று நினைக்காதீர்கள். மழைக்கால இரவில் விளக்கு வெளிச்சத்துக்கு வரும் ஈசல் கூட்டம் கூட்டமாக மடிப்புகளில் அப்பிக்கொள்ளும். சாலையில் பறக்கும் பிளாஸ்டிக் பை ஒன்று வந்து முகத்தில் ஒட்டிக்கொண்டால் போதும், காற்று வரும் வழியே அடைபட்டுவிடும். வேப்பம்பூ, புளிய இலை, இலவம் பஞ்சு, லாரி டயரிலிருந்து பிய்ந்து விழும் ரப்பர்த் துண்டு எல்லாம் எதிரிகள்தாம். கிராமப் பக்கம் போனால் கொள்ளையும் உளுந்தையும் செடியோடு சாலையில் பரப்பியிருப்பார்கள். நம் வண்டிச் சக்கரம் அவர்களுக்குப் போரடிக்கும் மாடு! அந்தத் தாள் அச்சில் சுற்றிக்கொள்ளும். அடியில் சிக்கிப் புகைக்குழாயின் சூட்டில் தீப்பற்றியதும் உண்டு. அதன் மேல் ஏற்றாமல் போக முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் மெதுவாகத் தாண்டி, சற்றுத் தூரத்தில் நிறுத்தி அடியில் குனிந்து பாருங்கள்.

நாமே செய்கிற உபத்திரவமும் ஒன்று இருக்கிறது. ஆயுத பூஜைக்கு வண்டியின் முகம் தெரியாமல் மாலை சாத்துகிறோம். பூஜை முடிந்ததும் மாலையோடு கோவிலுக்குப் போய்வருகிறோம். கல்யாணக் காரின் முன்புறத்தில் பூவால் தட்டி கட்டுகிறோம். ஜானவாச ஊர்வலங்கள் இப்போது குறைந்துவிட்டாலும், மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் நத்தை மாதிரி ஊர்ந்துதான் போகிறது. எதிர்க்காற்று இல்லை, இருக்கிற வழியையும் பூ அடைத்துக்கொண்டிருக்கிறது. மாப்பிள்ளைக்கு வியர்ப்பதற்கு முன்னால் எஞ்சினுக்கு வியர்த்துவிடும். பூவைப் பக்கவாட்டில் கட்டுங்கள். காற்று வரும் வாயை விட்டுவிடுங்கள்.

எந்தச் சல்லடை?

பரிகாரம் எளிது. காற்று நுழையும் வாய்க்கும் கண்டென்ஸருக்கும் நடுவில் ஒரு கம்பி வலை. ஆனால் எந்த வலை என்பதில்தான் சூட்சுமம்.

சிலர் ஜன்னலுக்கு அடித்து மிஞ்சிய கொசு வலையைக் கட்டிவிடுகிறார்கள். அது கூடாது. கண் அவ்வளவு பொடியாக இருந்தால் காற்றில் பெரும் பகுதி நின்றுவிடும். இரண்டு வாரத்தில் தூசியும் பூச்சியும் அடைத்துக்கொண்டு மிச்சக் காற்றும் நின்றுவிடும். கல்லிலிருந்து தப்பித்த எஞ்சின் புழுக்கத்தில் கெட்டுப்போகும்.

நமக்குப் புரிகிற அளவில் சொல்கிறேன். ரவை சலிக்கும் சல்லடை வேண்டாம். பொட்டுக்கடலை நுழைந்து போக வேண்டும். கொட்டைப் பாக்கு நின்றுவிட வேண்டும். சுமார் 6 மில்லிமீட்டர் கண். துருப்பிடிக்காத எஃகு அல்லது பூச்சுக் கொடுத்த அலுமினியக் கம்பி. கம்பி சன்னமாகவும் உறுதியாகவும் இருந்தால் காற்று அதிகம் தடைபடாது.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. எங்கே மாட்டுவது என்பது முதல் விஷயம். பல வண்டிகளில் மேலே பளபளவென்று தெரியும் ஜன்னல் வெறும் அலங்காரம். பின்னால் மூடியே இருக்கும். நிஜமான வாய், பம்பருக்குக் கீழே, நம்பர் பலகையை ஒட்டி இருக்கும். கல்லும் அந்த உயரத்தில்தான் வரும். ஆகவே கீழ் வாய்க்கு அவசியம் வலை வேண்டும்.

வலை கண்டென்ஸரில் உரசக் கூடாது. நடுவில் இரண்டு விரல் இடைவெளியாவது இருக்கட்டும். கல் பட்டு வலை குழிந்தாலும் உள்ளே இடிக்காது. வலையைப் பிளாஸ்டிக் பட்டியால் கட்டுவார்கள், பம்பரோடு கட்டட்டும். பட்டியை ரேடியேட்டர் மடிப்புகளுக்குள் நுழைத்துக் கட்ட விடாதீர்கள். வண்டியின் ஆட்டத்தில் அது குழாயை அறுத்துவிடும்.

புது வண்டிகள் சிலவற்றில் முன்னால் போகும் வண்டியின் தூரத்தை அளக்கும் ரேடார்க் கருவி முகப்பில் இருக்கும். அதை வலையால் மூடக் கூடாது. உத்தரவாதக் காலம் முடியாத வண்டியானால், வாங்கிய இடத்தில் ஒரு வார்த்தை கேட்டு, கம்பெனியே விற்கும் வலை இருந்தால் அதையே மாட்டிக்கொள்ளலாம்.

வலைக்குப் பதிலாக முன்னால் பெரிய இரும்புக் கம்பிச் சட்டம் போட்டுக்கொள்ளலாமே என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டாதீர்கள். அது கல்லைத் தடுக்காது. மோதினால் எதிரில் நடப்பவரைக் கொல்லும். நம் காற்றுப் பைகள் வேளைக்கு விரியாமலும் செய்யலாம். 2017 டிசம்பரில் மத்திய சர்க்காரின் போக்குவரத்து இலாகா, இந்தச் சட்டங்களை மாட்டுவோர் மீது நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதிற்று.

இன்னொன்று. எஞ்சினுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். சர்வீஸுக்கு விட்டால், கழற்றிய தட்டைத் திரும்ப மாட்டாமலே அனுப்பிவிடுவது சில இடங்களில் உண்டு. கீழிருந்து வரும் கல்லையும் சேற்றையும் தடுப்பது அதுதான். வண்டியைத் திரும்ப எடுக்கும்போது, "அடித் தட்டு மாட்டியாயிற்றா?" என்று கேளுங்கள். கேட்கத் தெரிந்தவர்களுக்குத் தனி மரியாதை உண்டு.

குளிப்பாட்டும் முறை

புரட்டாசியில் கொலுவுக்காகப் பரண் ஒழிக்கும்போது ஒரு தடவை, வெயில் தொடங்குமுன் பங்குனியில் ஒரு தடவை, வலையையும் ரேடியேட்டரையும் சுத்தம் செய்தால் போதும். எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். தோட்டத்துக் குழாயில் சாதாரண வேகத்தில் தண்ணீர் விடுங்கள். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் பாய்ந்தால் அழுக்கு வந்த வழியே திரும்பிப் போகும். முன்னாலிருந்து அடித்தால் இன்னும் உள்ளே போய் உட்காரும். பீய்ச்சி அடிக்கும் மெஷினைக் கிட்டத்தில் வைத்து அடிக்க விடாதீர்கள். மடிப்புகள் வளைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்புறம் காற்று எங்கே நுழைவது? மெல்லிய பிரஷ்ஷினால் மடிப்பு போகும் திக்கிலேயே தடவிவிடலாம்.

சகோதரிகளுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் மின்விசிறி, எஞ்சினை நிறுத்திய பிறகும் சூடு இருந்தால் தானாகவே சுழலத் தொடங்கும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்னலை மேலே சுற்றிக்கொண்டு, அதற்குப் பிறகு குனியுங்கள். கை விரல் ஜாக்கிரதை.

இன்னொரு எச்சரிக்கை குழந்தைகளுக்காக. கூலண்ட் பச்சையாகவோ சிவப்பாகவோ சர்பத் மாதிரி இருக்கும். ருசியும் தித்திப்பு. ஆனால் கொடிய விஷம். தரையில் சிந்தினால் நாயும் பூனையும் நக்கிவிடும். உடனே கழுவிவிடுங்கள். மிச்சத்தைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள்.

முள் ஏறினால்

கடைசியாக, அக்காவுக்குத் தெரியாமல் போன விஷயம்.

ஜல்லி லாரிக்குப் பின்னால் போக நேர்ந்தால் விலகிப் போகச் சொல்லுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு விநாடிக்கு 22 மீட்டர் பாய்கிறது. 40-இல் போகும்போது கல் அடிக்கும் அடி ஒரு பங்கு என்றால், 80-இல் இரண்டு பங்கு அல்ல, நாலு பங்கு. முன்னால் போகும் லாரி ஒரு கல்வெட்டைத் தாண்டியதும் நிதானமாக ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். நாலு எண்ணுவதற்குள் நாம் அந்த இடத்துக்கு வந்துவிட்டால் மிகவும் நெருங்கிவிட்டோம் என்று அர்த்தம்.

உஷ்ண முள் எப்போதும் நிற்கும் இடத்தைப் பார்த்து மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். சில வண்டிகளில் முள்ளே கிடையாது. உஷ்ணம் மிஞ்சினால் தர்மாமீட்டர் படம் போட்ட சிவப்பு விளக்கு எரியும். முள் ஏறினாலும் விளக்கு எரிந்தாலும் ஒரு கிலோமீட்டர்கூடப் போக வேண்டாம். ஏ.ஸி. ஓடினால் அணைக்கச் சொல்லுங்கள். ஓரத்துக்குப் போகும் வரையில் ஹீட்டரை முழுக்கத் திருகிவிடலாம். நம் ஊரில் யாரும் தொடாத அந்த ஹீட்டர், எஞ்சினின் சூட்டைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள். அரை மணி நேரமாவது மூடியைத் தொடக் கூடாது. வெயிட்டை எடுக்காமல் குக்கரைத் திறந்தால் என்ன ஆகுமோ அதுவே ஆகும், முகம் வெந்துவிடும். கொதிக்கும் எஞ்சின் மேல் பச்சைத் தண்ணீரைக் கொட்டவும் கூடாது. சூடான கண்ணாடித் தம்ளரில் ஐஸ் தண்ணீர் விட்டால் தெறிப்பது போல் உலோகமும் வெடிப்பு விடலாம்.

வண்டிக்கு அடியில் ஈரம் தெரிந்தால் தொட்டுப் பாருங்கள். நிறமும் வாசனையும் இல்லாத தண்ணீர் என்றால் ஏ.ஸி.யிலிருந்து சொட்டுவது, பயமில்லை. நிறமும் பிசுக்கும் இருந்தால் கூலண்ட். வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வாரம் ஒரு முறை, காலையில் வண்டி எடுப்பதற்கு முன்னால், கூலண்ட் பாட்டிலில் இரண்டு கோடுகளுக்கு நடுவில் திரவம் நிற்கிறதா என்று பார்ப்பது ஒரு நிமிஷ வேலை. கோலம் போட்டுவிட்டு உள்ளே வரும்போது பார்த்துவிடலாம்.

போன மாதம் மறுபடியும் அதே வழியாகக் குலதெய்வத்துக்குப் போய் மாவிளக்குப் போட்டு வந்தோம். வண்டிக்கு வலை மாட்டியாயிற்று. பலாப்பழக் கடை அம்மாளுக்கு அக்கா ஒரு புடவை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்ததும் வலையைக் குனிந்து பார்த்தோம். இரண்டு இடத்தில் குழிவு. ஒரு ரப்பர்த் துண்டு. இரண்டு வண்ணத்துப்பூச்சி. "இந்தக் குழிவு ஒவ்வொன்றும் எனக்கு ஒரு வளையல்" என்றாள் அக்கா.

அத்தான் இப்போதெல்லாம், "முள் எங்கே இருக்கு, பார்த்துச் சொல்லு" என்று அவளைக் கேட்டுக்கொண்டுதான் ஓட்டுகிறார். பாங்கிக்குப் போன வளையல்களில் ஒன்று திரும்பி வந்துவிட்டது. மற்றது தைக்குள் வந்துவிடும் என்கிறாள்.

அடுத்த தடவை காரில் ஏறும்போது நீங்களும் அந்த முள்ளை ஒரு பார்வை பாருங்கள். உங்கள் வீட்டு வண்டியில் அது எங்கே நிற்கிறது?